செம்மண்ணில் சீறிய டூ-ஸ்ட்ரோக் காலம்

2024 ஜனவரி 19. சவுதி அரேபியாவில், செங்கடல் ஓரத்து யான்பு நகரம். இரண்டு வாரமாக மணல் மேடுகளையும் கல்லுக்காட்டையும் கடந்து வந்த டாக்கர் ராலி பைக்குகள் ஒவ்வொன்றாக முடிவுக் கோட்டைத் தொட்டன. கேரளத்தின் ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா ஒட்டுமொத்தப் பட்டியலில் 11-வது இடம், ராலி-2 பிரிவில் முதலிடம். டாக்கரில் ஒரு பிரிவை வென்ற முதல் இந்தியர் அவர்தான். அவர் ஓட்டியது பிரான்ஸ் நாட்டு ஷெர்கோ நிறுவனத்தின் 450 சி.சி. பைக். ஷெர்கோவோடு சேர்ந்து அந்த அணியின் பெயரில் இருந்த இன்னொரு பெயர், டி.வி.எஸ்.

அந்த நிறுவனத்தின் பைக்குகள் புறப்பட்ட இடம் ஓசூர். பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டர். அத்திப்பள்ளியைத் தாண்டி ஜூஜூவாடிக்குள் நுழைந்தால் தமிழ்நாடு. ஷிப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ்கள், லேத் பட்டறைகள், ரோஜாத் தோட்டத்துப் பசுமைக் குடில்கள் என்று எல்லாம் கலந்துகட்டிய ஊர். இங்கே ஒரு டீக்கடையில் டாக்கர் ராலி பற்றிப் பேச்செடுத்தால், சின்னப் பையன்கள் செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டுவார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் வேறு கதைக்குப் போய்விடுவார்கள். ஆர்.எக்ஸ். 100, ஷோகன், பட்டன் டயர், டர்ட் டிராக்!

அந்தக் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டிய காரணம் இருக்கிறது. ஓசூரின் பந்தயப் பட்டறை பாலைவனம் வரை போய்விட்டது. அதற்கு ஆள் பிடித்துக் கொடுத்த உள்ளூர் மண் பந்தயம் மட்டும் பாதி வழியில் தொலைந்துபோனது.

மொபெட்டில் தொடங்கிய வேகம்

தமிழ்நாடு அரசு தன் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட்டை உருவாக்கியது 1971-ல். அன்றைக்குத் தர்மபுரி மாவட்டத்தின் ஓரத்தில் கிடந்த ஓசூர், பெங்களூரின் அருகாமை ஒன்றை வைத்தே தொழிற்பேட்டையாக மாறியது. 1980-ல் அசோக் லேலண்ட் இங்கே லாரி கட்ட ஆரம்பித்தது. அதே ஆண்டில் சுந்தரம் கிளேட்டன் குழுமத்தின் மொபெட் பிரிவிலிருந்து டி.வி.எஸ். 50 வெளியே வந்தது. 50 சி.சி. இன்ஜின், பெடல், பின்னால் இன்னொருவர் உட்கார இடம். இரண்டு பேர் போகக்கூடிய முதல் இந்திய மொபெட் அது. ராயக்கோட்டை மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் தக்காளிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு வரும் எக்ஸ்.எல். வண்டி, அதே வம்சத்தின் இன்றைய வாரிசு.

பால்காரருக்கும் பள்ளி வாத்தியாருக்கும் வண்டி செய்த கம்பெனி, 1982-ல் பந்தய அணி ஒன்றைத் தொடங்கியது. இந்தியாவில் ஒரு தொழிற்சாலை நடத்திய முதல் பந்தய அணி என்று டி.வி.எஸ். ரேசிங்கைப் பற்றி அந்த நிறுவனம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. அப்போது தென்னிந்தியாவில் பந்தயம் என்றால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், சென்னைக்கு வடக்கே, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களுக்கு மாசி வெயிலைப் பொருட்படுத்தாமல் ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும். வெளிநாட்டுக் கார்கள் சீறிய அதே ஓடுதளத்தில் மொபெட்டுகளும் குட்டி பைக்குகளும் மோதிக்கொண்டன.

கம்பெனிக்கு இதில் கணக்கு இருந்தது. சாலையில் ஓராண்டு ஓடினால் தெரியவரும் கோளாறு, பந்தயத்தில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தெரிந்துவிடும். பிஸ்டன் சீஸ் ஆகும், செயின் அறுக்கும், சேஸிஸில் விரிசல் விடும். திங்கட்கிழமை காலை அந்தப் பாகம் டிசைன் மேஜைக்குத் திரும்பும். ஜப்பானின் சுசூகியோடு கைகோத்த பிறகு இந்தக் கணக்கு இன்னும் பெரிதானது. 1984-ல் இண்ட்-சுசூகியின் 100 சி.சி. பைக் வந்தது. 1990-களில் டி.வி.எஸ். சுசூகி என்ற பெயரில் சாமுராயும் ஷோகனும் வந்தன. 1994-ல், எல்லோரும் ஒரே மாடல் பைக்கை ஓட்டும் 'ஒன் மேக்' பந்தயத் தொடரையும் அந்த நிறுவனம் தொடங்கியது. வண்டி எல்லோருக்கும் ஒன்று, ஓட்டுகிறவன்தான் வேறு என்பது அதன் அடிப்படை.

தார் இல்லாத ஊரில் மண்

சோழவரம் ஒன்றுதான். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைத் தளம் திறந்ததும் பந்தயங்கள் அங்கே போயின. கோவை செட்டிபாளையத்தில், பந்தயக் கார் வடிவமைப்பாளர் கரிவரதனின் பெயரைத் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது 2003-ல். தார் போட்ட பந்தயத் தளம் கட்டப் பல ஏக்கர் நிலமும் பல கோடி ரூபாயும் வேண்டும். மண் தளத்துக்கு ஒரு மைதானம், நாலு லோடு செம்மண், ஒரு ஜே.சி.பி., இரண்டு தண்ணி லாரி போதும். பந்தயம் முடிந்ததும் சமன்படுத்திவிட்டால் மறுநாள் அதே இடத்தில் பொருட்காட்சி நடத்தலாம். பெங்களூர், மைசூர், கோவை என்று தென்னகத்து ஊர்களில் டர்ட் டிராக் வேர்விட்டதற்கு இந்த எளிமைதான் காரணம். மைசூரில் தசரா நாட்களையொட்டி லலிதமகால் ஹெலிபேட் மைதானத்தில் புழுதி பறப்பது பந்தய ரசிகர்களுக்குப் பழகிப்போன காட்சி.

உலகத்திலும் இந்த விளையாட்டு பிறந்த விதம் இதுதான். இங்கிலாந்தின் கேம்பர்லியில் 1924-ல் காட்டுப் பாதையில் பைக்குகளை விரட்டிய 'ஸ்க்ராம்பிள்' போட்டியிலிருந்து மோட்டோகிராஸ் கிளைத்தது. ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மெய்ட்லேண்டில் 1923-ல் ஒரு பொருட்காட்சித் திடலில் ஓட்டிய வட்டப் பந்தயத்திலிருந்து ஸ்பீட்வே வளர்ந்தது. 1972-ல் லாஸ் ஏஞ்சலஸ் கொலீசியம் விளையாட்டரங்கத்துக்குள் மண்ணைக் கொட்டி மேடு பள்ளம் அமைத்து ஓட்டினார்கள். காட்டில் நடந்ததை டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்க்கும்படி செய்த அந்த உத்திக்கு சூப்பர்கிராஸ் என்று பெயர். இந்தியாவில் தேசிய சூப்பர்கிராஸ் தொடருக்கு நெடுங்காலம் தோள் கொடுத்தது சென்னையின் எம்.ஆர்.எப். டயர் நிறுவனம்.

பந்தயத்துக்கு முந்தைய இரவு தளத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள். அதிகம் ஊற்றினால் சேறு, குறைந்தால் புழுதி. அளவு தெரிந்த ஆள் கையில்தான் லாரியின் வால்வு இருக்கும். பழைய டயர்களையும் மணல் மூட்டைகளையும் வளைவுகளில் அடுக்குவார்கள். சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டினால் அதுவே கேலரி. காலை பத்து மணிக்கு மைக்கில் கன்னடமும் இங்கிலீஷும் தமிழும் கலந்து பெயர்கள் அறிவிக்கப்படும். எரியும் 2-டி ஆயிலின் வாசம் கூட்டத்துக்கு மேல் மெல்லப் படரும்.

கொடி இறங்கியதும் பதினைந்து, இருபது பைக்குகள் முதல் வளைவுக்கு ஒரே நேரத்தில் பாயும். அங்கே முதலில் நுழைகிறவன் கண்ணில் மட்டும்தான் மண் விழாது. பின்னால் வருகிறவர்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். வளைவில் உள்பக்கக் காலை முன்னால் நீட்டி, உடம்பை டேங்க் மேல் தள்ளி, ஆக்ஸிலேட்டரை மூடாமல் பின் சக்கரத்தைச் சறுக்க விடுவார்கள். பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும், ஆள் நிற்க மாட்டார். அடுத்து 'டேபிள் டாப்'. மண் மேட்டின் உச்சியில் இரண்டு சக்கரமும் தரையை விடும். அந்த ஒரு நொடி இன்ஜின் சத்தம் உச்சத்துக்குப் போகும். இறங்கும்போது பின் சக்கரம் முதலில் மண்ணைத் தொட வேண்டும். முன் சக்கரம் தொட்டால் காலர் எலும்பு போச்சு. மண் ரேஸர்களில் அந்த எலும்பை ஒருமுறையாவது உடைத்துக்கொள்ளாதவர்கள் குறைவு.

கார்புரேட்டர் வித்துவான்கள்

மண் பந்தயத்தின் அந்தக் காலத்து நாயகன் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். 1985-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ விற்க ஆரம்பித்தது. 98 சி.சி., 11 குதிரைத் திறன், 103 கிலோ எடை. எடைக்கும் திறனுக்கும் இருந்த அந்த விகிதம், கல்லூரி வாசல்களையும் பந்தயத் திடல்களையும் ஒன்றாகப் பிடித்தது. ஓசூரின் பதில் ஷோகன்: 108 சி.சி.யில் 14 குதிரைத் திறன். எது பெரிய வண்டி என்ற சண்டை, ரஜினி-கமல் சண்டைக்கு இணையாக நடந்தது.

டூ-ஸ்ட்ரோக்கில் நாலு ஸ்ட்ரோக்கைப் போல வால்வு கிடையாது, கேம் கிடையாது. சிலிண்டர் சுவரில் வெட்டிய துளைகள் வழியாகத்தான் பெட்ரோல் கலவை உள்ளே வரும், புகை வெளியே போகும். 'போர்ட்' என்று மெக்கானிக்குகள் சொல்லும் அந்தத் துளையின் உயரத்தையும் அகலத்தையும் அரத்தால் ராவி மாற்றினால் இன்ஜினின் குணமே மாறிவிடும். ஒரு மில்லிமீட்டர் கூடினால் டாப் எண்டில் சீறும், கீழே திணறும். மண் தளத்தில் வளைவுக்கு வளைவு கீழிருந்து இழுக்க வேண்டும். அதனால் எங்கே ராவுவது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் ஒரு மெக்கானிக்கின் பெயரே இருந்தது. சிலிண்டர் ஹெட்டை லேத்தில் கொடுத்து ஷேவ் பண்ணி கம்ப்ரஷனை ஏற்றுவார்கள். கார்புரேட்டர் ஜெட்டை மாற்றுவார்கள். வயிறு பெருத்து வால் சிறுத்த எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சரைத் தகடு வெட்டி, வெல்டிங் வைத்து, கையாலேயே செய்வார்கள். வெளியேறும் புகையின் அழுத்த அலை அந்த வயிற்றில் மோதித் திரும்பி, தப்பிப்போகப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளும். அந்தச் சைலன்சரின் நீளத்தைக் காதால் கேட்டே முடிவு செய்தவர்கள் உண்டு.

பிறகு வண்டியின் உடம்பு. ஹெட்லைட், இண்டிகேட்டர், பெரிய மட்கார்டு எல்லாம் கழன்று போகும். பின் ஸ்ப்ராக்கெட் பல் கூடும். ஹேண்டில்பாரில் குறுக்குக் கம்பி ஏறும். கட்டை கட்டையாகப் புடைத்த பட்டன் டயர் மாட்டினால் சாலை வண்டி மண் வண்டி.

இந்த வேலைக்கு ஓசூரைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் வேறு இருந்திருக்க முடியாது. பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்யும் சின்னப் பட்டறைகள் சந்துக்குச் சந்து இருந்தன. ஐ.டி.ஐ. முடித்து வந்த ஃபிட்டரும் டர்னரும் வாடகை அறைகளில் நிறைந்திருந்தார்கள். மில்லிங் மெஷின், டிக் வெல்டிங், வெர்னியர் எல்லாம் கைக்கெட்டும் தூரம். கிடைக்காத சாமானுக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினால் பெங்களூர் ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகள். பழசு வேண்டும் என்றால் சிவாஜி நகர் குஜிரி.

எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பெயர்கள்

ஓசூர் வண்டி செய்தது. ஓட்டியவர்களில் பெரும்பாலோர் பெங்களூர்க்காரர்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே கடையில் ஒலிக்கும் எல்லை ஊருக்கு அது அந்நியமாகவே படவில்லை. பிரமோத் ஜோஷுவா, ஆர்.நடராஜ், கே.பி.அரவிந்த் என்று டி.வி.எஸ். சட்டை போட்டு மண்ணிலும் மலையிலும் ஓட்டிய பெயர்களை இந்தப் பக்கத்து ரசிகர்கள் தங்கள் பையன்களாகவே கொண்டாடினார்கள். அரவிந்த் 17 முறை தேசியச் சாம்பியன். பின்னாளில் கன்னட பிக்பாஸ் வீட்டுக்குள் போய் இரண்டாம் இடம் பிடித்தபோதுதான், பந்தயமே பார்க்காத குடும்பங்களுக்கும் அவர் முகம் தெரிந்தது.

மண் பந்தயத்தைச் சினிமா பெரிதாக எடுத்துக்கொண்டதும் எல்லைக்கு அப்பாலிருந்துதான். 2014-ல் அஞ்சலி மேனன் இயக்கிய மலையாளப் படமான 'பெங்களூர் டேஸ்'ஸில் துல்கர் சல்மானின் பாத்திரம் ஒரு டர்ட் பைக் ரேஸர். அந்தப் பந்தயக் காட்சிகளில் பைக் ஓட்டியவர்களில் அரவிந்தும் ஒருவர். 2016-ல் 'பெங்களூர் நாட்கள்' என்று தமிழுக்கு வந்தபோது அந்த வேடத்தில் ஆர்யா.

இன்னொரு பெங்களூர்க்காரர் சி.எஸ்.சந்தோஷ். மோட்டோகிராஸ், சூப்பர்கிராஸ் மண்ணில் வளர்ந்தவர். 2015 டாக்கர் ராலியை 36-வது இடத்தில் முடித்து, அதை முழுமையாக ஓட்டி முடித்த முதல் இந்தியர் ஆனார். 2021 டாக்கரில் விழுந்து தலையில் அடிபட்டு, கோமா நிலையில் வைக்கப்பட்டு மீண்டவர். கோலார் பக்கம் 'பிக் ராக்' என்ற பெயரில் மண் தளம் அமைத்துப் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையையும் அவர் தொடங்கினார்.

பெண்களில் ஐஸ்வர்யா பிஸ்ஸேவின் கதை தனி. பெங்களூரில் வளர்ந்து, டி.வி.எஸ். அணியில் ஓட்டியவர். 2018-ல் ஸ்பெயினின் அரகான் பாஹா பந்தயத்தில் விழுந்து கணையம் கிழிந்தது. மறு ஆண்டே துபாயில் திரும்பி வந்து வென்றார். 2019 ஆகஸ்டில் ஹங்கேரியில் நடந்த கடைசிச் சுற்றோடு, பாஹா உலகக் கோப்பையின் பெண்கள் பிரிவுப் பட்டம் அவருடையது. மோட்டார் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் என்ற பெயர் அதோடு சேர்ந்து வந்தது.

புழுதி அடங்கிய விதம்

உச்சத்தில் இருந்த ஒன்று ஏன் ஓய்ந்தது?

முதல் அடி, புகை. 1996-லும் 2000-லும் இறுகிய மாசு விதிகளின் முன்னால் டூ-ஸ்ட்ரோக் நிற்க முடியவில்லை. ஆயிலையும் சேர்த்து எரித்து நீலப் புகை விடுவது அதன் பிறவிக் குணம். ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பு 1996-ல் நின்றது. அதன் தம்பி 135 இன்னும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்துவிட்டு ஓய்ந்தது. 2001-ல் டி.வி.எஸ்.ஸும் சுசூகியும் பிரிந்தபோது, ஓசூர் தன் சொந்தக் காலில் நிற்க எடுத்த வண்டி விக்டர். நாலு ஸ்ட்ரோக், குடும்ப வண்டி, மைலேஜ் வண்டி. காற்றுக்கு இது நல்லதுதான், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அரமும் வெல்டிங்கும் வைத்து ஒரு தெருப் பட்டறை செய்துவிட முடிந்த பந்தய இன்ஜினும் அதோடு போனது. நாலு ஸ்ட்ரோக்கில் வேகம் கூட்ட கேம், வால்வு, பின்னாளில் இ.சி.யூ. என்று லேப்டாப் வரை போக வேண்டியிருந்தது. இன்றைக்கு நல்ல நிலையில் உள்ள ஆர்.எக்ஸ். 100, புதிதாக விற்ற விலையைப் போலப் பல மடங்குக்குக் கைமாறுகிறது. அதை வாங்குகிறவர் மண்ணில் இறக்க மாட்டார். துடைத்து வைத்துப் படம் எடுப்பார்.

இரண்டாவது, நிலம். ஓசூர் 2019-ல் மாநகராட்சி ஆனது. பேட்டைக்குப் பேட்டை, லேஅவுட்டுக்கு லேஅவுட். வாரக்கடைசியில் பையன்கள் பைக்கை விரட்டிப் பழகிய தரிசு நிலங்களில் எல்லைக் கல் முளைத்தது. பெங்களூரின் கதை இதைவிட மோசம். அங்கே காலி மைதானம் என்பதே தங்கம்.

மூன்றாவது, பணம். சர்வதேசத் தரத்து மோட்டோகிராஸ் பைக் இந்தியாவில் தயாராவதில்லை. கவாஸாகியின் கே.எக்ஸ். 250 இங்கே விற்பனைக்கு வந்தபோது விலை பல லட்சம் ரூபாய். அதைச் சாலையில் ஓட்ட முடியாது, கடன் எளிதில் கிடைக்காது. ஹெல்மெட், பூட்ஸ், நெஞ்சுக் கவசம், கழுத்துக் கவசம் எல்லாம் தனிச் செலவு. உலகச் சாம்பியன்கள் நாலைந்து வயதிலேயே 50 சி.சி. குட்டி பைக்கில் தொடங்குகிறார்கள். 50 சி.சி. வண்டியால் ஊருக்கே பெயர் வாங்கிய ஓசூரில், ஒரு குழந்தைக்கு அப்படிப்பட்ட பந்தய வண்டி வேண்டும் என்றால் இறக்குமதிதான் வழி.

நாலாவது, அனுமதி. இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பு வகுத்த விதிப்படி பந்தயம் நடத்த, ஓட்டுகிறவர்களுக்குப் பந்தய உரிமம், காப்பீடு, மருத்துவர், ஆம்புலன்ஸ், தளப் பரிசோதனை எல்லாம் வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். எதையும் குறைக்க முடியாது. ஆனால் பேட்டை இளைஞர்கள் பத்துப் பேர் சேர்ந்து பணம் பிரித்து நடத்திய உள்ளூர் ரேஸால் அந்தச் செலவைச் சுமக்க முடியவில்லை. விதிக்கு உட்பட்டு நடத்தப் பணம் இல்லை, விதியை மீறி நடத்த போலீஸ் விடாது. நடுவில் பந்தயம் அவிந்தது. பைக் ஆசை மட்டும் அவியவில்லை. அது நெடுஞ்சாலைக்கு ஏறியது. கிருஷ்ணகிரி சாலையில் இரவில் ஹெல்மெட் இல்லாமல் வீலிங் செய்யும் பையனுக்கு, அந்த ஆசையைக் கொண்டுபோய்க் கொட்ட ஒரு திடல் கிடையாது.

மண்ணில் வேகத்தைப் பார்க்கும் ருசி இந்த மாவட்டத்துக்குப் புதிதும் இல்லை. தை பிறந்தால் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்களில் எருது விடும் விழா. 2023 பிப்ரவரியில் சூளகிரி அருகே கோபசந்திரத்தில் விழாவுக்கு அனுமதி தாமதமானபோது, திரண்ட கூட்டம் பெங்களூர் தேசிய நெடுஞ்சாலையையே மறித்து மணிக்கணக்கில் போக்குவரத்தை நிறுத்தியது. கல்வீச்சு, தடியடி என்று அது முடிந்ததில் யாருக்கும் பெருமை இல்லை. ஆனாலும் ஒரு திடலுக்காகவும் ஒரு ஓட்டத்துக்காகவும் இந்த மக்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

பாலைவனம் வரை ஒரு பட்டறை

உள்ளூர்த் திடல் காலியான அதே ஆண்டுகளில் தொழிற்சாலைப் பந்தயம் மேலே மேலே போனது. 2007-ல் அப்பாச்சி ஆர்.டி.ஆர். வந்தது, பந்தயத்தில் கற்ற பாடம் சாலைக்கு இறங்கிய வண்டி என்று விளம்பரமே செய்தார்கள். 2015-ல் ஷெர்கோவோடு சேர்ந்து டாக்கர் ராலியில் நுழைந்தபோது, அங்கே கால் வைத்த முதல் இந்தியத் தயாரிப்பு நிறுவனம் ஆனது டி.வி.எஸ். அரவிந்த் 2017-லும் 2018-லும் விழுந்து பாதியில் விலகினார். மூன்றாம் முறை, 2019-ல், 37-வது இடத்தில் முடித்தார். ஐந்து முறை தேசிய சூப்பர்கிராஸ் சாம்பியனான ஹரித் நோவா 2021-ல் 20-வது இடம் வந்தார். பிறகு யான்பு. இவர்கள் எல்லோருக்கும் பொதுவான பள்ளிக்கூடம் ஒன்றுதான்: மண் தளம். பின் சக்கரம் சறுக்கும்போது பதறாமல் இருக்க அங்கேதான் பழகினார்கள்.

நாட்டின் வேறு மூலைகளில் இந்த விளையாட்டு மறுபடி தலை தூக்குகிறது. 2024 ஜனவரியில் புனேயில் தொடங்கிய இந்தியன் சூப்பர்கிராஸ் ரேசிங் லீக், வெளிநாட்டு வீரர்களையும் சேர்த்து அணிகளாகப் பிரித்து நடத்தப்பட்டது. அதன் முதல் ஆண்டின் கடைசிச் சுற்று நடந்தது பெங்களூரில். ஹீரோ நிறுவனம் தன் எக்ஸ்-பல்ஸ் பைக்கைக் கொடுத்து, 2022-லிருந்து பல நகரங்களில் புதியவர்களுக்கான டர்ட் பைக் போட்டி நடத்தியது. விலை குறைந்த, உள்நாட்டில் தயாரான ஒரு வண்டி இருந்தால் கூட்டம் தானாக வரும் என்பதை அது காட்டியது.

மின்சாரப் பேட்டை

மண் பந்தயத்துக்கு முதல் அடி கொடுத்தது புகை என்றால், புகையும் சத்தமும் இல்லாத வண்டிகள் இப்போது இந்த வட்டாரத்தில்தான் அதிகமாகச் செய்யப்படுகின்றன. ஓசூரில் ஏத்தர், டி.வி.எஸ். ஐ-கியூப், போச்சம்பள்ளியில் ஓலா, சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி. 2023-ல் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.டி.இ. என்ற மின் பைக்கைக் கொண்டு, நாட்டின் முதல் மின் இருசக்கர வாகனப் பந்தயத் தொடரையும் நடத்தியது. ஐரோப்பாவில் ஸ்பெயினின் ஸ்டார்க் நிறுவனம் 2021-ல் அறிமுகப்படுத்திய 'வார்க்' மின் மோட்டோகிராஸ் பைக், 450 சி.சி. பெட்ரோல் வண்டிகளோடு மல்லுக்கு நிற்கிறது. குடியிருப்புக்கு நூறு மீட்டர் தள்ளி ஓட்டினாலும் யாரும் கதவைத் தட்டிச் சண்டைக்கு வர மாட்டார்கள்.

பழைய ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். சத்தம் இல்லாத பந்தயம் ஒரு பந்தயமா என்பார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. இருட்டில்கூட ஷோகன் எது, ஆர்.எக்ஸ். எது என்று காதாலேயே சொன்ன தலைமுறை அது. ஆனால் ஷோகன் திரும்பி வரப்போவதில்லை. டூ-ஸ்ட்ரோக்கை நினைத்து உருகுவதால் ஒரு பையனுக்கும் டேபிள் டாப்பில் இறங்கத் தெரிந்துவிடாது.

வேண்டியது ஐந்து ஏக்கர்

தமிழ்நாட்டின் பேர்பெற்ற பந்தயத் தளங்கள் எல்லாமே தார்த் தளங்கள். 2024 ஆகஸ்டு கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்கில் ஃபார்முலா-4 கார்ப் பந்தயத்தை, விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மூலம் மாநில அரசே முன்னின்று நடத்தியது. தலைநகரின் சாலைகளை மறித்துக் கார்ப் பந்தயம் நடத்த முடிகிற அரசுக்கு, நாட்டின் இருசக்கர வாகனத் தலைநகரங்களில் ஒன்றான ஓசூர் வட்டாரத்தில் மண் பந்தயத்துக்கு நிரந்தரமாக ஓர் இடம் ஒதுக்குவது பெரிய வேலை இல்லை.

சூப்பர்கிராஸ் தளம் ஒரு கால்பந்து மைதானத்துக்குள் அடங்கிவிடும். பார்வையாளர், பட்டறை, ஆம்புலன்ஸ் நிறுத்தம் எல்லாம் சேர்த்தாலும் ஐந்து ஏக்கர் தாராளம். நிலத்தைச் சிப்காட் கொடுக்கட்டும். தளத்தையும் பராமரிப்பையும் இங்கே லட்சக்கணக்கில் வண்டி செய்து விற்கும் நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து ஏற்கட்டும். பயிற்சிக்கு, காலர் எலும்பு உடைந்து ஓய்வெடுத்த பழைய ரேஸர்கள் இருக்கிறார்கள். வாடகைக்குப் பத்து மின் டர்ட் பைக், கட்டாயமாக ஹெல்மெட்டும் கவசமும், வாரத்தில் ஒரு நாள் பெண்களுக்கு மட்டும், மாதத்தில் ஒரு ஞாயிறு கூட்டமைப்பின் விதிப்படி உள்ளூர்ப் பந்தயம். இவ்வளவுதான் கோரிக்கை.

ஓசூரில் செய்த வண்டிகளை உலகமே ஓட்டுகிறது. அடுத்த முறை டாக்கர் முடிவுக் கோட்டில் கை தூக்கி நிற்கிறவர் சூளகிரியிலோ தேன்கனிக்கோட்டையிலோ பிறந்தவராக இருக்க வேண்டும் என்றால், மாவட்ட நிர்வாகமும் கம்பெனிகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து அந்த ஐந்து ஏக்கரை முதலில் அளந்து கொடுக்க வேண்டும்.